அஸ்பார்டேம் கரைசலுக்கு பிஎச் மீற்றர் தேவை

யாழ்ப்பாணம், திருநெல்வேலி, கோண்டாவில் பக்கம் ஆரிட்டையாவது பிஎச் மீற்றர் (அமில, காரத்தன்மையை அளக்கிற கருவி) இருந்தால் அரைநாள் இரவல் தரேலுமோ? உயர்தர மாணவருக்கான நின்ஹைட்ரின் பரிசோதனைக்கு (சுயாதீன அமினோக் கூட்டம் இருந்தால் ஊதா நிறம் வரும்) செயற்கை இனிப்பான அஸ்பார்டேமின் கரைசல் செய்யிறம், 100 மி.லீ.க்கு 500 மி.கி.

அஸ்பார்டிக் அமிலமும் பினைல்அலனினும் சேர்ந்த இருபெப்ரைட்டின் மெதைல் எசுத்தர் இது. மூலக்கூற்றுத் திணிவு 294.3. பிஎச் 5.2 அளவில்தான் கரைதிறன் மிகக் குறைவு, 25 பாகையில் லீற்றருக்கு ஏறக்குறைய 10 கிராம். எங்கட அளவு அதில் பாதிதான், ஆனால் கரைய நேரம் எடுக்கும். அவசரப்பட்டுச் சூடாக்கினால் மெதனோல் கழன்று வளையச் சேர்மம் உருவாகும். அதில் இனிப்பும் இல்லை, சுயாதீன அமினோக் கூட்டமும் இல்லை. ஊதா நிறம் மங்கும். கிணற்றுத் தண்ணி வேண்டவே வேண்டாம்: சுண்ணாம்புக்கல் நிலம், காரத்தன்மை. பிஎச் 7இல் சில நாளிலேயே பழுதாகும், 4.3இல் மாதக்கணக்கில் நிற்கும். லிற்மஸ் தாளால் இந்த 4.3ஐப் பிடிக்கேலாது, அதுதான் மீற்றர்.

இன்னொன்று: பிஎச்சை 4.3இல் நிலையாக வைத்திருக்கச் சிற்றிக்கமிலமும் சோடியம் சிற்றேற்றும் ஆய்வுகூடத் தரத்தில் 50 கிராம் அளவாகச் சில்லறையில் எந்தக் கடையில் எடுக்கலாம்? இனிப்பு மாத்திரையை இடித்துப் போடச் சொல்லாதேங்கோ, அதில் பெரும்பகுதி நிரப்புப்பொருள்.