13+ நாவலுக்கு விமர்சனம்: யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, எழுத்தாளர்கள் தாங்களாகவே சொந்தமாக வெளியிடும் காதல், மாயாஜால நாவல்களுக்கு விமர்சனம் எழுதுகிறேன். இப்போது கையில் இருப்பது இலவசப் பிரதி. அமேசான் விதிப்படி எழுத்தாளர் பிரதியை இலவசமாகத் தரலாம், பதிலுக்கு விமர்சனம் எழுதியே ஆக வேண்டும் என்று நிபந்தனை போடக் கூடாது. அதில் பிரச்சினை இல்லை, இலவசம் என்பதை விமர்சனத்திலேயே சொல்லிவிடுவேன்.

சிக்கல் வேறு. அட்டையில் 13+, அதாவது 13 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு, என்று போட்டிருக்கிறது. டிராகன், சாபம் எல்லாம் அருமை. ஆனால் நாயகன் நாயகியின் பின்னாலேயே சுற்றுவதையும், அவள் கடிதங்களைத் திருட்டுத்தனமாகப் படிப்பதையும் கதை உண்மைக் காதல் என்று கொண்டாடுகிறது. கதையின் முடிச்சை வெளியே சொல்லிவிடாமல் பிள்ளைகளை எப்படி எச்சரிப்பது?

அப்புறம், எடிட்டர் கை படாத புத்தகம். நாயகியின் கண் நிறம்கூட நடுவில் மாறுகிறது! இதற்கெல்லாம் நட்சத்திரத்தைக் குறைப்பீர்களா, எழுத்தாளரிடம் தனியாகச் சொல்வீர்களா?