சந்தையில, காயலாங்கடையில பழசு தேடப் போன கதை: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க

இட்டேரிக்காரன்:
நானே ஆரம்பிச்சு வெக்கறேங்க. புஞ்சைப் புளியம்பட்டி சந்தை தெரியும்ல, வியாழக்கெழம. மாமன் மாடு பாக்கப் போனாரு, நான் சும்மா தொணைக்குப் போனவன். மாடு ஒண்ணும் அமையல, அவரு டீக்கடையில ஒக்காந்துட்டாரு, நான் அப்படியே நடந்து போனா ஒரு ஓரத்துல பெரியவரு ஒருத்தரு சாக்கு விரிச்சு பழைய ஆணி, தாப்பா, ஒடைஞ்ச மம்முட்டி, சைக்கிள் பெல்லுனு கொட்டி வெச்சிருக்காரு. அதுக்குள்ள துருவேறி ஒரு எடைக்கல்லு. கையில தூக்குனா ஒரு கிலோவும் இல்ல, ரெண்டு கிலோவும் இல்ல, நடுவுல என்னமோ. "ஏனுங்க, இது எவ்வளவுங்க?"ன்னேன். "எடுத்துக்க கண்ணு, எரநூறு குடு"ன்னாரு. நூத்தம்பதுக்கு முடிஞ்சுது.

வண்டியில வரும்போது மாமன் கையில குடுத்தா மனுசன் பாத்த ஒடனே "அட, வீசைக்கல்லுடா"ன்னாரு. 40 பலம் ஒரு வீசை. ஒரு பலம்ங்கறது 3 வெள்ளி ரூவா எடை. அப்ப 120 ரூவாயத் தட்டுல வெச்சா ஒரு வீசை. அந்தக் காலத்து ரூவா சரியா ஒரு தோலா, 11.66 கிராம். பெருக்கிப் பாருங்க, 1 கிலோ 400 கிராம் வரும். காசுதான் எடைக்கல்லாவும் இருந்திருக்கு, இது எனக்கு அன்னிக்கு வரைக்கும் தெரியாது. வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே மளிகைக்கடை டிஜிட்டல் தராசுல வெச்சுப் பாத்தோம், 1 கிலோ 372 காட்டுது. 28 கிராம் கொறையுது. கல்லைக் கவுத்துப் பாத்தா அடியில ஈயம் ஊத்தி முத்திரை குத்தற குழி காலியா இருக்கு. ஈயம் தானா வுழுந்துச்சா, இல்ல எவனாவது வியாபாரி நோண்டி எடுத்து எத்தனை பேருக்கு எடை அடிச்சானோ. மாமன் ரெண்டாவதுதான்னு அடிச்சுச் சொல்றாரு. அவரு வியாபாரிய நம்பாத ஆளு, மாட்டு சந்தையில அவரு பண்ற பேரத்தப் பாத்தா புரியும்.

டவுன்ஹால் நடை:
நல்ல கதைங்க. நான் ஏமாந்த கதை சொல்றேன். உக்கடம் பக்கம் பழைய புத்தகக் கடை பாக்கப் போனவன், ரோட்டோரம் துணி விரிச்சு காசு விக்கற ஆளுகிட்ட நின்னுட்டேன். அஞ்சாம் ஜார்ஜ் ரூவா, 1911. எனக்குக் கை நடுங்கிருச்சு. ஏன்னா அதுதான் "பன்னி ரூவா". ராசா மேலங்கியில தொங்கற சங்கிலியில ஒரு யானை இருக்கும், செதுக்குன ஆளு தும்பிக்கையச் சின்னதாப் போட்டுட்டான், பாக்கறவங்களுக்குப் பன்னி மாதிரி தெரிஞ்சுது, முஸ்லிம்கள் பன்னி போட்ட காசத் தொட மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அரசாங்கம் வெளிய விட்டத நிறுத்தி, மீதிய உருக்கிருச்சு, 1912ல யானைய யானை மாதிரி மாத்தி அடிச்சாங்க. அதனால 1911ன்னா வெல அதிகம்.

3500 குடுத்தேங்க. தெரிஞ்ச ஆசாரிகிட்ட கொண்டு போனேன். அவரு பூதக்கண்ணாடிய எல்லாம் எடுக்கல, மேசையில ஒரு தட்டு தட்டிட்டு "தம்பி, இது பாடலையே"ன்னாரு. எடை போட்டா 10 கிராம் கூட வரல. வெள்ளி முலாம் பூசுன வார்ப்பு. ஓரத்துல பல்லு பல்லா இருக்க வேண்டிய கோடு ஒரு பக்கம் மழுங்கி, வார்ப்பு ஒட்டுன தழும்பு தெரியுது, அதை நான் வாங்கும்போதே பாத்திருக்கணும், 1911ங்கற நாலு எழுத்தத் தவிர வேற எதையும் பாக்கல.

இப்ப பையில எப்பவும் ரெண்டு சாமான் வெச்சிருக்கேன், சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு, காந்தம் ஒண்ணு. வெள்ளி காந்தத்துல ஒட்டாது, ஆனா காந்தம் ஒட்டுனா ஒடனே வுட்டுறாதீங்க, தேதியப் பாருங்க. 1947 ரூவா நிக்கல், அது ஒட்டத்தான் செய்யும். 1940லருந்து 45 வரைக்கும் வந்த ரூவாயில பாதிதான் வெள்ளி. விக்டோரியா ராணி போட்டதுல பன்னெண்டுல ஒரு பங்கு போக மீதி வெள்ளி. இன்னொண்ணு, 1818னு போட்டு ஒரு பக்கம் அனுமாரு, மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி அரையணான்னு ஒரு செம்புக்காசு சந்தைக்குச் சந்தை சுத்துது. கம்பெனி அப்படி ஒரு காசு அடிக்கவே இல்ல. கும்புடறதுக்குன்னா வாங்கிக்குங்க.

நொய்யல் கரை:
காசு கதையில ஒண்ணு சேத்துக்கறேன். எங்க அமுச்சி (அம்மாவப் பெத்தவங்க) பெட்டியில இருந்த ஓட்டைக் காலணாவ (1943லருந்து 47 வரைக்கும் வந்துச்சே, நடுவுல ஓட்டையோட) எங்க ஊட்டுக்காரம்மா புளி போட்டுத் தேச்சு பளபளன்னு ஆக்கிக் குடுத்தாங்க, பாசமாத்தான். கரும்பழுப்பு நெறம் போயிருச்சு, சேகரிக்கறவங்க யாரும் இப்ப அதைத் திரும்பிக் கூடப் பாக்க மாட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல. சொல்ல முடியுமா.

வால்வு மாமா:
ரேடியோவுக்கு வர்றேன். பல்லடம் பக்கம் ஒரு பழைய வீடு இடிக்கறாங்கன்னு காயலாங்கடைத் தம்பி போன் பண்ணுச்சு. (இவங்களுக்கு மாசம் ஒரு தடவை டீ வாங்கிக் குடுத்து வெச்சுக்கணும், அதுதான் இந்த வேலையில முதலீடு.) போனா அட்டாலியில ஒரு மரப்பொட்டி வால்வு ரேடியோ, டயல் கண்ணாடியில மெட்ராஸ், திருச்சி, சிலோன்னு ஊர் பேரா இருக்கு, பின்னாடி அட்டை இல்ல, உள்ள எலி குடித்தனம் நடத்திருக்கு. கூடவே தபாலாபீஸ்ல ரேடியோவுக்கு வருசா வருசம் பணம் கட்டுன லைசென்ஸ் புக்கு. ரேடியோவ விட எனக்கு அந்தப் புக்குதான் பெருசாத் தெரிஞ்சுது, ஆனா அதைச் சொன்னா வெல ஏறும், அதனால ரேடியோவ மட்டும் பாக்கற மாதிரி நின்னு "இந்தக் குப்பையயும் சேத்துப் போடுங்க"ன்னு ஒட்டுக்கா வாங்கிட்டேன். கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் சொல்லிடறேன்.

புதுசா வாங்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன், கொண்டு வந்த ஒடனே பிளக்குல சொருவிறாதீங்க. அம்பது அறுவது வருசமாச் சும்மா கெடந்த கண்டன்சர் உள்ள செத்திருக்கும், நேராக் கரண்டு குடுத்தா டிரான்ஸ்பார்மரையும் சேத்துக் கூட்டிட்டுப் போயிரும். நூறு வாட்டு குண்டு பல்பு ஒண்ண சீரீஸ்ல போட்டுக் குடுங்க. பல்பு பளிச்சுனு எரிஞ்சு நின்னா உள்ள ஷார்ட்டு, மங்குனா தப்பிச்சீங்க. எனக்கு மங்குச்சு. வால்வு சூடேற செத்த நேரம் ஆகும், மொதல்ல ஒரு ஊங்காரம், அப்பறந்தான் மத்ததெல்லாம். நான் இன்னும் தேடிட்டு இருக்கறது ஜி.டி.நாயுடு காலத்து யு.எம்.எஸ். (அவரோட கம்பெனி) சாமான், கோயமுத்தூர்லயே பொறந்தது கோயமுத்தூர்லயே கெடைக்க மாட்டேங்குது. யாராவது பாத்தா சொல்லுங்க.

சென்னிமலை ரோடு:
அண்ணா, சாமான் படத்த வாட்சப்ல போடறவங்க ஜாக்கிரதை. நான் ஒரு பழைய செம்புச் சொம்பு வாங்கி குரூப்ல போட்டேன், மூணாம் நாள் கார்ல ரெண்டு பேரு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. "இடி வுழுந்த செம்புங்களா? அரிசிய இழுக்குதுங்களா?"ன்னாங்க. எனக்கு மொதல்ல வெளங்கல. அப்பறம்தான் அந்த இரிடியம், ரைஸ் புல்லிங் கூத்துனு புரிஞ்சுது, இடி வுழுந்த செம்பு அரிசிய இழுக்கும், கோடிக்கணக்குல போகும்னு சொல்லி ஏமாத்தறது. பத்துக் கோடிக்கு வாங்கற ஆளு இருக்கான், டெஸ்ட் பண்ண வர்ற விஞ்ஞானிக்கு ரெண்டு லட்சம் மட்டும் நீங்க கட்டணும்னாங்க. எங்கப்பாரு திண்ணையில இருந்தபடியே "அரிசி எங்கூட்டுல தானா நகராதுங்க, ஆக்கித்தான் திங்கோணும்"ன்னாரு. போயிட்டாங்க. இந்த நம்பிக்கையால கோயில் கலசத்தையே கழட்டிட்டுப் போறானுங்க, சிரிச்சுட்டு வுடற விசயம் இல்ல. அஞ்சு ரூவா காசுக்கு லட்சம் தர்றேன்னு வர்றதும் இதே வகைதான், 2021ல ரிசர்வ் வங்கியே அறிக்கை விட்டுச்சு.

பொடக்காளி:
எல்லாரும் பேசி முடிச்சாச்சா, நான் சொல்றேன். கோபி பக்கம் ஒரு காயலாங்கடையில பித்தளைப் போசி, நல்ல கனம், வாய் ஓரத்துல புள்ளிப் புள்ளியா பேர் வெட்டியிருக்கு. ஒரு ஊர்ப் பேரு, ஒரு அம்மா பேரு, "சீர்", 1962. (பேர இங்க போடல.) கல்யாணச் சீராக் குடுத்த பாத்திரம் கசங்கிப் போன தகரத்தோட உருக்கறதுக்குக் கெடக்குதேன்னு மனசு கேக்கல, எடை ரேட்டுக்கு மேல கிலோவுக்கு அம்பது போட்டு எடுத்துட்டேன்.

அந்த ஊரு எங்க ஒறம்பரை ஊருக்குப் பக்கத்துலதான். விசாரிச்சு, வீட்டக் கண்டுபுடிச்சு, போசியத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனேன், அவங்க கண்ணு கலங்கும்னு வழியெல்லாம் நெனைச்சுட்டே போனேன், பொய் சொல்லல. மருமக வந்து பாத்தாங்க. "அட, இது எங்க அத்தையோடதுங்க, புது வீடு கட்டுனப்ப அட்டாலியில எடமில்லன்னு நாங்கதான் போட்டோம். நீங்க கிலோ என்ன வெலைக்கு வாங்குனீங்க?"ன்னாங்க. சொன்னேன். மூஞ்சி மாறிப்போச்சு. "எங்களுக்கு நூத்தி இருவது ரூவா கம்மியால்ல குடுத்தான்!"னு அங்கயே கடைக்காரனுக்குப் போன் போட ஆரம்பிச்சுட்டாங்க. நான் ஏண்டா சொன்னோம்னு நின்னேன்.

உள்ள கட்டில்ல அந்த அம்மா ஒக்காந்திருந்தாங்க, எண்பது தாண்டியிருக்கும். போசியக் கையில குடுத்தேன். ஒரு சுத்து திருப்பிப் பாத்துட்டு அடியில வெரல வெச்சாங்க. "இங்க ஒழுகுமே கண்ணு, தண்ணி ஊத்திப் பாக்காமயா வாங்குன?"