பரீட்சை எழுத முடியாமல் போன தம்பிக்கு மேன்முறையீடு: குடும்பக் குழு உரையாடல்

சின்னம்மா (ஆரையம்பதி): அண்ணன், டெங்குக் காய்ச்சலால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் இருந்தபடியால் மகனால் இரண்டு பாடங்களுக்குப் பல்கலைக்கழகப் பரீட்சை எழுத முடியவில்லை. நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தான். விரிவுரையாளர் ஒருவர் தொலைபேசியில் "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னாராம். அது போதுமா?

பெரிய மாமா (செங்கலடி): போதாது, தங்கச்சி. அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் பரீட்சைக்கு வராமைக்கு விலக்களிக்கும் அதிகாரம் தனியொரு விரிவுரையாளரிடம் இல்லை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் கீழ் கல்வி, பரீட்சை விடயங்கள் மூதவையின், அதாவது பல்கலைக்கழகத்தின் உயர் கல்விச் சபையின் (செனட்), பொறுப்பில் உள்ளன. மாணவரின் கோரிக்கை வழக்கமாகத் துறைத் தலைவர், பீடாதிபதி ஊடாகப் பீடச் சபைக்குச் சென்று, அங்கிருந்து மூதவைக்குப் போகும். எழுத்தில் இல்லாத ஒன்றை அச்சபைகள் எதை வைத்து ஆராயும்?

மருமகன், முதலில் உங்கள் பீடத்தின் மாணவர் கைந்நூலை எடுத்து, மருத்துவச் சான்றிதழை எத்தனை நாட்களுக்குள் யாரிடம் கையளிக்க வேண்டும் என்று பாருங்கள். நியாயமான காரணம் இருந்தும் அந்தக் காலக்கெடு கடந்ததால் இழந்த பிள்ளைகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் வலிக்கிறது. விலக்கு ஏற்கப்பட்டால் அடுத்த முறை எழுதுவது முதல் தடவையாகவே கணிக்கப்படும்; இல்லாவிட்டால் அது மீள்பரீட்சையாகி, பல பீடங்களில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சி தரத்துக்கு மேல் கிடைக்காது, வகுப்புச் சித்தியும் (முதலாம், இரண்டாம் வகுப்புப் பட்டம்) கைநழுவக்கூடும்.

அக்கா (களுவாஞ்சிக்குடி): தம்பி, நோயில் கிடந்த நாட்களால் விரிவுரைகளுக்கான வரவு, வேண்டிய 80 வீதத்துக்குக் குறைந்திருந்தால் அதற்குத் தனிக் கடிதம் கொடுங்கள். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால் ஒன்று கவனிக்கப்படாமல் போகலாம்.

பெரிய மாமா: மகள் சொல்வது மிகச் சரி. கடிதத்தில் குடும்பக் கஷ்டத்தை நீட்டி எழுத வேண்டியதில்லை. பதிவு இலக்கம், பாடக் குறியீடு, பரீட்சைத் திகதி, வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்ட திகதி, வெளியேறிய திகதி, எந்த ஒழுங்குவிதியின் கீழ் என்ன கேட்கிறீர்கள் என்பவை இருந்தால் போதும். பல்கலைக்கழக மருத்துவ அதிகாரியின் உறுதிப்படுத்தல் தேவையா என்பதையும் பீட அலுவலகத்தில் கேளுங்கள்.

சின்னம்மா: மறுத்துவிட்டால் என்ன செய்வது, அண்ணன்?

பெரிய மாமா: காரணத்தை எழுத்தில் கேட்டு, அந்தக் காரணத்துக்கே பதிலளித்துப் பீடாதிபதிக்கும் துணைவேந்தருக்கும் மேன்முறையீடு செய்யலாம். ஒழுங்குவிதியின் பிரதியைத் தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவைச் சொல்ல வேண்டும்.

தம்பி: மாமா, வைத்தியசாலையில் தந்த டயக்னோசிஸ் கார்டில் (நோய் விபர அட்டையில்) வெளியேறிய திகதி தெளிவாகத் தெரியவில்லை.

பெரிய மாமா: அப்படியே கொடுத்துவிடாதீர்கள். நாளைக் காலையில் அம்மாவை வைத்தியசாலை விடுதிக்கு (வார்டுக்கு) அனுப்பி, வைத்தியரின் கையொப்பத்தோடும் முத்திரையோடும் திருத்தி எடுங்கள். அதன் பிறகு மூலப்பிரதிகளைக் கையளித்து, உங்கள் பிரதியில் பீட அலுவலகத்தின் திகதி முத்திரையைப் பெற்றுக்கொள்ளுங்கள்.