ஹைப்ரிட் மருந்துக்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

தக்கலை ஆசிரியை:
வணக்கம். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு மலேரியா மருந்துகள் பற்றிய கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல் இடறுகிறது. டிரையாக்ஸாக்வின் என்று ஒரு ஹைப்ரிட் வகை. ஆர்ட்டிமிசினின் என்ற மருந்தில் இருப்பது போன்ற பெராக்சைடு பகுதியையும் குளோரோகுயின் என்ற மருந்தின் குயினோலின் பகுதியையும் பிணைத்து ஒரே மூலக்கூறாக்குகிறார்கள். கூட்டு மருந்து என்று போட்டுவிடவா?

குலசேகரம்:
கூடாது டீச்சர். ஆர்ட்டிமீத்தரும் லூமிஃபான்ட்ரினும் ஒரே மாத்திரையில் வருதே, அதுதான் கூட்டு. அதில் மூலக்கூறுகள் தனித்தனி. ஒன்று சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போகும், மற்றது நாள்கணக்கில் கிடக்கும். நீங்கள் சொல்வது ரப்பர் ஒட்டுக்கன்று மாதிரி. வேர் ஒன்று, தலை வேறு, கன்று ஒன்றே. ஒட்டுமருந்து என்று வையுங்கள்.

நாகர்கோவில் புலவர்:
ஒட்டு என்றாலே நம் மாவட்டத்தில் ஒட்டுப்பால்தான். பட்டையிலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டிய ரப்பர் பாலை விலை குறைத்துத்தானே எடுக்கிறான்? மருந்துக்கு அந்தப் பெயரா! பிணைமருந்து என்க. வினைத்தொகை, முக்காலமும் அடங்கும். தொல்காப்பிய மரபியலில் பிணை பெண்பாற்பெயர், மானுக்கு வரும். அப்புறம், மலேரியாவே தமிழ்தான் என்பது என் துணிபு. மலையேறியவருக்கு வந்த காய்ச்சல்.

குளச்சல்:
ஐயா, அது இத்தாலியச் சொல். கெட்ட காற்று என்று பொருள். கொசுதான் காரணம் என்று தெரியாத காலத்தில் வைத்த பெயர். பிணை என்றால் எங்கள் பையன்களுக்கு ஜாமீன். கலப்பின மருந்து என்றால் என்ன?

தக்கலை ஆசிரியை:
இனக்கலப்பு என்று வேதியியல் பாடத்தில் ஆர்பிட்டாலுக்கு (அணுவில் எலக்ட்ரான் இருக்கும் பகுதி) ஏற்கெனவே வருகிறது. போதாததற்கு மாடும் நெல்லும்.

குலசேகரம்:
கலப்பினத்தில் குணம் கலந்துபோகும். ஒட்டில் இரண்டும் தன் குணத்தை விடாது. கிருமி ஹீமோகுளோபினைத் தின்றபின் மிஞ்சுகிற ஹீம் அதற்கே நஞ்சு, படிகமாக்கி ஒதுக்கிவிடும். குயினோலின் பகுதி அந்தப் படிகத்தைத் தடுக்கும். பெராக்சைடு பகுதி ஹீமின் இரும்பு பட்டதும் உடைந்து கிருமியைத் தாக்கும். ஒரே உடம்பு, இரண்டு வேலை.

குளச்சல்:
சரி, ஒட்டே இருக்கட்டும். நாளைக்கு வியாழன்.

நாகர்கோவில் புலவர்:
அச்சிடுங்கள். நன்றியுரையில் என் பெயர் வேண்டாம்.

தக்கலை ஆசிரியை:
மெய்ப்பு வந்தது. அச்சகத்தார் எல்லா இடத்திலும் 'சொட்டுமருந்து' என்று திருத்தி வைத்திருக்கிறார்கள். போலியோ என்று நினைத்தார்களாம்.

நாகர்கோவில் புலவர்:
பிணைமருந்துக்கு இந்தப் பாடு வந்திருக்குமா?