110 லிட்டர் கப்பி மீன் தொட்டி: எந்த டெஸ்ட் கிட்டை நம்புவது?

போர்தண்ணி
2.5 அடி தொட்டி, சுமார் 110 லிட்டர், ஸ்பான்ஞ் ஃபில்டர், வைத்து மூன்று வாரம். 10 கப்பி, 4 மோலி. போர் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 900. கையில் இருப்பது 5 இன் 1 ஸ்ட்ரிப் (தண்ணீரில் நனைத்து நிறம் பார்க்கும் தாள்). நைட்ரைட் 0, நைட்ரேட் 10, பிஎச் 8 பக்கம் காட்டுது. ஆனா காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்குது. கடையில் "டிடிஎஸ் மீட்டர் போதும் சார்" என்கிறார்கள். உண்மையில் எதை வாங்கணும்?

வேலம்பாசி
உங்க ஸ்ட்ரிப்பில் அமோனியா கட்டமே இல்லை, பெட்டியைத் திருப்பிப் பாருங்க. 5 இன் 1 என்றால் பெரும்பாலும் ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை), கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை), பிஎச், நைட்ரைட், நைட்ரேட்தான். மூன்று வாரத் தொட்டியில் முதலில் பார்க்க வேண்டியதே அமோனியா.

டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து உப்பைக் கணக்கிடும் கருவி. 900-க்குள் 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) அமோனியா ஒளிந்திருந்தால் அதுக்குத் தெரியவே தெரியாது.

போர் தண்ணீரில் இது இன்னும் முக்கியம். 28 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அமோனியாவில் 0.7 சதவீதம்தான் நச்சு வடிவத்தில் இருக்கும். பிஎச் 8-ல் அதுவே 6.5 சதவீதம். அதே அளவு அமோனியா, ஒன்பது மடங்கு விஷம்.

சொட்டு கிட் (குழாயில் தண்ணீர் எடுத்து மருந்து சொட்டு விட்டு நிறம் பார்ப்பது) வாங்குங்க. ஏபிஐ நன்னீர் மாஸ்டர் கிட் போதும். பிஎச், ஹை ரேஞ்ச் பிஎச், அமோனியா, நைட்ரைட், நைட்ரேட் எல்லாம் அதில் உண்டு. சாதா பிஎச் பாட்டில் 7.6-க்கு மேல் காட்டாது. உங்க தண்ணீருக்கு ஹை ரேஞ்ச் பாட்டில்தான், இல்லைன்னா என்றைக்கும் 7.6 என்றே படிப்பீங்க. ஜிஎச், கேஎச் அந்தப் பெட்டியில் வராது, தனியாக வாங்கணும்.

அமோனியாவுக்கு: குழாயைத் தொட்டித் தண்ணீரில் அலசி, 5 மிலி கோடு வரை நிரப்புங்க. முதல் பாட்டில் 8 சொட்டு, இரண்டாவது 8 சொட்டு, மூடி 5 நொடி குலுக்கி, 5 நிமிஷம் விடுங்க. பாட்டிலைச் செங்குத்தாகப் பிடிக்கணும், சாய்த்தால் சொட்டின் அளவு மாறிடும். குலுக்கும்போது குழாயின் வாயை விரலால் மூடாதீங்க, மூடி எதுக்கு இருக்கு?

நாட்டுவாதுமை
மேலே சொன்னது சரி. ஆனா அந்தக் கிட்டில் அதிகம் பேர் சறுக்குவது நைட்ரேட்டில். இரண்டாம் பாட்டிலில் மருந்து அடியில் படியும். 30 நொடி நல்லா குலுக்காம விட்டால், 40 இருக்கும் தொட்டி 5 என்று காட்டும். முதல் பாட்டில் 10 சொட்டு விட்டுக் கலக்கி, குலுக்கிய இரண்டாவதில் 10 சொட்டு, பிறகு குழாயை ஒரு முழு நிமிஷம் குலுக்கி, 5 நிமிஷம் காத்திருங்க. 40-க்கும் 80-க்கும் சிவப்பில் வித்தியாசம் தெரியாது. 1 மிலி தொட்டித் தண்ணீரோடு 4 மிலி ஆர்ஓ கலந்து சோதித்து, வருவதை 5-ஆல் பெருக்குங்க.

கிட்டையே சோதிக்கணும்னா உரக்கடையில் 13-0-45 வாங்குங்க, அது பொட்டாசியம் நைட்ரேட். 10 கிராமை 1 லிட்டர் ஆர்ஓ நீரில் கரைச்சு, அதிலிருந்து 6.5 மிலி சிரிஞ்சில் எடுத்து இன்னொரு லிட்டர் ஆர்ஓவில் விட்டால் 40 பிபிஎம் நைட்ரேட். கிட் 10 என்று சொன்னால் ஒன்று குலுக்கல் போதவில்லை, இல்லை மருந்து செத்துப் போச்சு. கேஎச் கிட்டுக்கு ஆப்ப சோடா: லிட்டருக்கு 150 மில்லிகிராம் 5 டிகிரி தரும்.

ஸ்ட்ரிப்புக்கு ஈரம்தான் எதிரி. டப்பாவைத் திறந்து சமையலறையில் வைத்தால் கடற்கரை ஊரில் சீக்கிரமே கெட்டுப் போகும்.

மணல்படுகை
இரண்டு சேர்க்கை.

அமோனியா 0 மஞ்சள், 0.25 லேசான பச்சை சாயல். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுதான். பகலில் ஜன்னல் பக்கம், கிட்டின் நிற அட்டையில் வெள்ளைப் பகுதியில் குழாயை ஒட்டி வையுங்க. பக்கத்திலேயே ஆர்ஓ நீருக்கும் ஒரு குழாய் போட்டு ஒப்பிட்டால் சந்தேகம் தீரும்.

நைட்ரைட் நிறைய இருந்தால் நைட்ரேட் எண் பொய்யாக ஏறும். சைக்கிள் (அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா தொட்டியில் நிலைப்பது) முடியும்வரை அந்த எண்ணை வைத்து முடிவெடுக்காதீங்க.

போர்தண்ணி
கிட் வந்தது. அமோனியா 1, நைட்ரைட் 0.25, ஹை ரேஞ்ச் பிஎச் 8.2. போர் தண்ணீரில் நேரடியாகப் பார்த்தால் அமோனியா 0, பிஎச் 7.4.

வேலம்பாசி
போரில் 7.4, தொட்டியில் 8.2 என்பது நிலத்தடி நீரில் கரைந்த கார்பன் டைஆக்சைடு வெளியேறுவதால். புதுத் தண்ணீரை வாளியில் காற்றுக் கல் போட்டு 24 மணி நேரம் விட்டு, தொட்டியின் பிஎச்சுக்கு வந்த பிறகு ஊற்றுங்க.

1 பிபிஎம், 8.2-ல் பத்தில் ஒரு பங்கு நச்சு. இன்னிக்கு பாதித் தண்ணீர் மாத்துங்க, நாளைக்கு கால்வாசி. இரண்டு நாள் தீனி வேண்டாம். ஸ்பான்ஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழியாதீங்க. காற்று கூட்டுங்க, விடியற்காலை ஆக்சிஜன் குறைவதும் இதோட சேர்ந்திருக்கலாம். பிஎச் குறைக்கும் பொடி எதுவும் வேண்டாம். அமோனியாவைத் தினமும் அதே நேரத்தில் பாருங்க, தீனி போட்ட உடனே இல்லை.