கமாயிஷி ரக்பி அணி: சுனாமிக்குப் பிறகு உண்மையில் என்ன செய்தது? தெரிந்தவர்கள் பகிரவும்

2011 மார்ச் 11 சுனாமியில் ஜப்பானின் இவாத்தே மாநிலத்துக் கமாயிஷி ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். ஊரின் ரக்பி அணியான கமாயிஷி சீவேவ்ஸ் பற்றி எழுதுகிற எல்லோரும் "நம்பிக்கை கொடுத்தது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். முதல் சில வாரங்களில் அந்த வீரர்கள் பார்த்தது சுமைதூக்கும் வேலை. லாரிகளில் வந்த நிவாரணப் பொருள்களை இறக்கினார்கள். அணியில் இருந்த ஆஸ்திரேலியர் ஸ்காட் ஃபார்டி, தூதரகம் அழைத்துப் போகத் தயாராக இருந்தும் கிளம்பவில்லை. 2015 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு ஆடினாரே, அவரேதான்.

அங்கே அரிசி மூட்டை 30 கிலோ. மண்ணெண்ணெய் கேன் 18 லிட்டர், எடை ஏறக்குறைய 15 கிலோ. மார்ச்சிலும் பனி விழும் ஊர், கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் அடுப்புதான் உயிர். புதிதாக உதவ வருகிறவர்கள் ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள், வாசலில் முட்டிக்கொள்வார்கள். வரிசையில் நின்று கைமாற்றுவதே வேகம். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நின்றால் ஒவ்வொரு மூட்டைக்கும் இடுப்பைத் திருப்ப வேண்டிவரும், மதியத்துக்குள் முதுகு பிடித்துக்கொள்ளும். ஒருவர் விட்டு ஒருவர் எதிரெதிர் முகமாக, ஒரு எட்டு இடைவெளியில் நிற்க வேண்டும். ஒருவர் குரல் கொடுக்க அத்தனை பேரும் ஒன்றாக அசைவது, ஸ்க்ரம் (ரக்பியில் வீரர்கள் தோளோடு தோள் கோத்து எதிரணியை முட்டித் தள்ளுவது) பிடிக்கிறவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை.

* * *

மேலே சொன்னதோடு சேறு அள்ளுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019 அக்டோபர் 13 அன்று கமாயிஷியில் நடக்கவிருந்த கனடா–நமீபியா உலகக் கோப்பை ஆட்டம் ஹகிபிஸ் புயலால் ரத்தானது. ஆளுக்கு 2 புள்ளி கொடுத்து 0–0 என்று முடித்துவிட்டார்கள். கனடா வீரர்கள் ஓட்டலில் உட்காராமல் ஷவலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார்கள்.

பலசாலிகள் இறங்கும்போது வருகிற சிக்கல் ஒன்று உண்டு: சாக்கை வாய்வரை நிரப்பிவிடுவார்கள். ஜப்பானில் புழங்கும் மண் சாக்கு 48 × 62 செ.மீ. ஈரச் சேறு லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல். பாதிக்குச் சற்றே கூட நிரப்பினால் 20 கிலோ வரும், வாயையும் இறுக்கிக் கட்டலாம். அதற்கு மேல் போனால் சாக்கு கிழியும். அடுத்துத் தூக்க வருகிற வயதான ஆளால் முடியாது. தரையில் படிந்த சேற்றுக்குத் தட்டை முனை ஷவல், குவியலுக்குக் கூர்முனை. ஆணி ஏறாத உலோகத் தகடு வைத்த பூட்ஸ் கட்டாயம். காய்ந்த சேறு புழுதியாகி நெஞ்சுக்குள் போகும், அதனால் வெயிலடிக்கும் நாளில்தான் மாஸ்க் கூடுதலாகத் தேவை. ரொம்பப் பேர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள்.

* * *

ஆட்டத்தை எப்போது திரும்பத் தொடங்குவது என்பதே பெரிய தலைவலி. சீவேவ்ஸ் வீரர்களிடம் "நீங்க ரக்பி ஆடுங்க" என்று சொன்னது ஊர்க்காரர்கள்தான். 2011 ஜூனிலேயே யமஹா அணியோடு உள்ளூரில் ஒரு நட்பு ஆட்டம் நடந்தது.

இந்த ஊருக்கு ரக்பி ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பழைய நிப்பான் ஸ்டீல் கமாயிஷி அணி 1979 முதல் 1985 வரை தொடர்ந்து 7 முறை தேசிய சாம்பியன். 1989-இல் அந்த எஃகு ஆலையின் கடைசி ஊது உலையும் அணைந்தது. நிறுவனத்தின் அணி 2001-இல் ஊராருடைய கிளப்பாக மாறியது. சுனாமிக்கு முன்பே அடிவாங்கிய ஊர், முன்பே ஊரார் கையில் இருந்த அணி. வெளியூர் முதலாளியின் அணியாக இருந்திருந்தால் ஜாகையை மாற்றியிருப்பார்கள் என்பது என் கணக்கு. ஆட்டத்தில் ரசிகர்கள் வீசி ஆட்டுவதும் மீனவர் கொடிதான்: நல்ல மீன்பாடு கிடைத்த படகில் ஏற்றும் பெரிய வண்ணக்கொடி.

* * *

கமாயிஷியில் உலகக் கோப்பை ஆட்டம் நடந்த மைதானத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. உனோசுமாய் பகுதியில் சுனாமி அழித்த தொடக்கப் பள்ளியும் நடுநிலைப் பள்ளியும் இருந்த இடத்தில் கட்டி, 2018 ஆகஸ்டில் திறந்தார்கள். அன்று அந்தப் பள்ளிப் பிள்ளைகள் மேட்டுக்கு ஓடித் தப்பித்தவர்கள். அதே இடத்தில் கூட்டம் சேர்க்கிறோம் என்றால் இருக்கைக்கு முன்னால் யோசிக்க வேண்டியது மேட்டுக்குப் போகும் வழி.

தரை கலப்புப் புல்: மணல், தக்கைத் துகள், செயற்கை இழை மூன்றும் கலந்த படுகையில் நிஜப் புல் வேர்விடும். தண்ணீர் சீக்கிரம் வடியும், தக்கை இருப்பதால் விழுந்தால் அடி குறைவு. செயற்கைப் புல் என்று நினைத்துப் பராமரிப்பை விட்டால் போச்சு. வெட்டுவது, தண்ணீர், உரம் எல்லாம் நிஜப் புல்லுக்கு உள்ளபடியே. இருக்கைகளில் கணிசமானவை, 2017-இல் ஒசாக்கி தீபகற்பத்தில் 413 ஹெக்டேர் எரிந்த காட்டுத்தீயில் கருகிய சீடர் மரத்தில் செய்தவை. வெளிப்பட்டை கருகினாலும் உள்மரம் பழுதில்லை என்றால் அறுத்துப் பயன்படுத்தலாம். தாமதித்தால் பூச்சி விழும்.

2019 செப்டம்பர் 25 அன்று இங்கே நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் ஃபிஜியை உருகுவே 30–27 என்று கவிழ்த்தபோது 14,025 பேர் பார்த்தார்கள்.

* * *

அந்த 14,025 பேர் வந்துபோக ரயில் வேண்டுமே. சுனாமியில் அறுந்த மியாகோ–கமாயிஷி பாதை 2019 மார்ச் 23-தான் சன்ரிகு ரயில்வே பொறுப்பில் மறுபடி ஓடியது. அக்டோபர் புயலில் மறுபடி சேதம், 2020 மார்ச்சில் முழுதாகச் சரியானது.

மைதானத்தின் இருக்கைக் கணக்கும் கவனியுங்கள்: நிரந்தரம் 6,000, உலகக் கோப்பைக்காகப் போட்டுக் கழற்றியது 10,000. நாற்பதாயிரத்துக்கும் குறைவானவர்கள் வாழும் ஊர் அது. பதினாறாயிரத்தையும் நிரந்தரமாக்கியிருந்தால் துடைத்துப் பெயின்ட் அடிக்கவே நகராட்சிக்குக் காசு போதாது.