முட்டை எடுத்தவர் கையில் காவல்

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் கொஞ்சப் பேரோடு பண்டாரவளையில் இருந்து வெல்லவாய வழியாக இறங்கி, தங்காலைக்குப் பக்கத்தில் உள்ள ரெக்கவ கடற்கரைக்குப் போயிருந்தோம். இலங்கையில் முட்டையிடும் ஐந்து வகைக் கடலாமைகளும் வருகிற கரை அது. அதிகம் வருவது பச்சை ஆமை. அதுவரை முட்டை எடுத்து விற்றவர்களையே 1996இல் சம்பளம் கொடுத்துக் காவலுக்கு வைத்தார்கள். 2006இல் அந்தக் கரை சரணாலயமானது.

எங்களைக் கூட்டிப்போன மாமாவும் ஒரு காலத்தில் முட்டை எடுத்தவர்தான். அதைச் சொல்ல அவருக்குத் தயக்கமே இல்லை. டோர்ச் இல்லாமல் மணலில் குனிந்து தடத்தைக் காட்டினார்: இரண்டு பக்கமும் ஜோடியாகப் பதிந்தால் பச்சை ஆமை, மாறி மாறிப் பதிந்தால் அழுங்காமை. முட்டை விழத் தொடங்கும்வரை எங்களைக் கிட்ட விடவில்லை. அதற்கு முன்னால் ஆளோ வெளிச்சமோ தெரிந்தால் ஆமை திரும்பிக் கடலுக்கே போய்விடும்.

அப்புறம் அதன் பின்னால் உட்கார வைத்தார். முட்டைகள் இரண்டு மூன்றாக வழுவழுப்போடு விழுந்தன. ஓடு மெத்தென்று இருப்பதால் ஒன்றும் உடையவில்லை. முடிந்ததும் பின் துடுப்புகளால் மணலை இழுத்து மூடி, மாவு பிசைவது போல அழுத்தி அழுத்தி வைத்தது. எங்கள் பிள்ளைகள் மூச்சுக்கூடப் பெரிதாக விடவில்லை. ஒரு குழியில் நூறுக்கும் மேலே முட்டை இருக்கும், குஞ்சு வர ஏறக்குறைய இரண்டு மாதம். முட்டைகளை வேறெங்கும் கொண்டுபோகாமல், அந்த இடத்திலேயே விட்டுக் காக்கிறார்கள். எனக்கு அதுதான் சரியான வழியாகப் படுகிறது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பேச்சு முழுக்க நம் மலையைப் பற்றித்தான். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்குக் கம்பியில் மாட்டிச் செத்ததே, அந்தக் கம்பி பன்றிக்கு வைப்பது. மரக்கறித் தோட்டத்தை இரவோடு இரவாகக் கிளறிவிட்டுப் போகும் பன்றியால் நம் ஆட்கள் படும் கஷ்டம் உண்மை. ஆனால் கம்பிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது.

அதனால், கம்பிகளைத் தேடி எடுக்க உதவச் சொல்லி, முன்பு கம்பி வைத்த அண்ணன் ஒருவரையே கேட்டோம். அவர் இப்போது ஞாயிறுகளில் எங்களோடு தேயிலை மலையின் ஓரம் நடக்கிறார். நாங்கள் தாண்டிப் போன இடத்தில் அவர் நின்று, புல் சாய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே பன்றி போகும் வழியைச் சொல்கிறார். அகப்படும் கம்பியை யாரும் மறுபடி வைக்க முடியாதபடி குறட்டால் துண்டு துண்டாக வெட்டிப் போடுகிறோம்.